உஷார்! ‘சும்மா ஒரு விசாரணைதான்’ என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் தம்பிகள், தங்கச்சிகள், கனரக வாகன முனையத்தில் லாரியை நிறுத்திவிட்டு லோடுக்காகக் காத்திருக்கும் டிரைவர் அண்ணன்மார் எல்லோரும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். படித்ததை வீட்டிலும் சொல்லிவையுங்கள். இது உங்களுக்கு நடக்கும் நேரத்தில் உங்கள் கையில் போன் இருக்காது.

எங்கள் தெருப் பையன் ஒருவன், வயது இருபத்திரண்டு. பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். கம்பெனி பெயரும் ஸ்டேஷன் பெயரும் இங்கே வேண்டாம். ஸ்டோர்ஸில் காப்பர் ஒயர் இரண்டு சுருள் கணக்கில் குறைந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு, ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும்போது, “ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடுப்பா, சும்மா ஒரு விசாரணைதான்” என்றார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடியே போனான். போனதும் செல்லை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, “நம்பர் சொல்லு” என்றார்கள். அவனுக்குத் தெரியவில்லை. ‘அம்மா’ என்று பெயர் போட்டு வைத்திருந்தானே தவிர, அந்தப் பத்து எண்ணை அவன் ஒருநாளும் மனதில் வாங்கியதில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அவன் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். “அண்ணே, தம்பி இன்னும் வரலண்ணே. போன் சுவிட்ச் ஆஃப்னு வருது.” விசாரித்துப் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். “பயப்படாதீங்கம்மா, காலைல அனுப்பிடுவோம்” என்றார்கள். நம்பித் திரும்பிவிட்டோம். பேட்டையில் இருபது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். பிரித்த சுருளின் எடை ரிஜிஸ்டரோடு ஒருநாளும் ஒத்துப்போகாது, மறு எடை போட்டால் பாதிக் குறைச்சல் மறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துச் சொல்ல அன்று ராத்திரியே ஒரு வழக்கறிஞரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

மறுநாள் சாயந்திரம் அவனை ரிமாண்ட் செய்து காலாப்பட்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. வெளியே வந்த பிறகு கேட்டேன்: “என்னப்பா கையெழுத்துப் போட்ட?” “நாலு பேப்பர் மாமா. ரெண்டுல ஒண்ணுமே எழுதலை. போட்டா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

போட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் போட்ட கையெழுத்துகளால் இந்த நாட்டில் எத்தனை குடும்பங்கள் கோர்ட் வாசலில் கிடக்கின்றன!

‘காலையில் அனுப்பிவிடுகிறோம்’ என்ற வார்த்தையை நம்பிய இன்னொரு தாயைத் தமிழ்நாடே அறியும். 1991 ஜூன் மாதம், ராஜீவ் காந்தி கொலை வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம். சிறிய விசாரணை, முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம் என்று சொன்னதை நம்பித்தான் அற்புதம்மாளும் அவர் கணவரும் தங்கள் மகன் பேரறிவாளனை ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 19. பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். நடுவில் ஓடியது 31 வருஷம். அவரைத் தூக்குமேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது தடா சட்டத்தின் கீழ் போலீஸ் எஸ்.பி. ஒருவர் எழுதிக்கொண்ட வாக்குமூலம். குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை வாங்கிக் கொடுத்தது உண்மை, எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை அந்த வாக்குமூலத்தில் தான் எழுதவில்லை என்று அதே அதிகாரி தியாகராஜன் 2013ல் வெளிப்படையாகச் சொன்னார். விட்டுப்போனது ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் விடுபடுவதைப் பார்த்து, “அதையும் எழுதுங்கள்” என்று சொல்ல அந்த அறையில் அவர் பக்கம் ஒருவரும் இல்லை.

தடா இப்போது இல்லை. சாதாரண வழக்கில் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் கோர்ட் ஏற்காது. பாரதிய சாட்சிய அதினியம் 23வது பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு கிளை இருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருளை எடுத்தோம் என்று காட்டினால், அந்தப் பகுதி மட்டும் உள்ளே வந்துவிடும். வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே, ‘ஒயர் சுருளை இன்ன இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்’ என்று இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் கையெழுத்து விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம்; அந்த வாக்குமூலத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் சட்டம், 181வது பிரிவு. கைது குறிப்பாணை மட்டும் வேறு. அதில் உங்கள் கையெழுத்தும், உங்கள் வீட்டாரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சியாகப் போடும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அதையும் படித்த பிறகு போடுங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று சாயந்திரம் பிடித்துவிட்டு இன்று மதியம் பிடித்ததாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். உங்களை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. வெற்றுத்தாளில் மட்டும், யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், போடாதீர்கள்.

சரி, கூப்பிடும்போதே என்ன செய்வது? முதலில், எழுத்தில் கேளுங்கள். ஏழு வருஷமும் அதற்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுதிவைக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றம் கட்டளை போட்டது. கைது தேவையில்லை என்றால் அந்தப் புதுச் சட்டத்தின் 35வது பிரிவின் 3வது உட்பிரிவில் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும். வேலை செய்யும் இடத்தில் திருடியதாகச் சொல்லும் வழக்குக்கு அதிகபட்சம் ஏழு வருஷம்தான். பேட்டையில் தொழிலாளி மேல் வரும் திருட்டுப் புகார்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கும். நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைத்து வந்தால், காரணம் எழுதிவைக்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது. சாட்சியாகக் கூப்பிட்டாலும் எழுத்துப்பூர்வமாகத்தான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடும்போது பெண்களையும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையன்களையும், அறுபது தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த 35வது பிரிவு நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வந்த தகவலை அழித்துவிடாதீர்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து “உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமரா முன்னால் இருந்து எழுந்திருக்காதே” என்பவன் முழுக்கத் திருடன். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. போனை வைத்துவிட்டு 1930க்கு அடியுங்கள்.

நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள், அது கைதுக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுப்பது போல. போங்கள், ஆனால் வழக்கறிஞரோடு போங்கள். “வக்கீலுக்குக் கொடுக்க என்கிட்ட ஏதுண்ணே காசு?” என்ற கேள்வி எனக்குக் கேட்கிறது. இதைத்தான் நான் பேட்டை கேட்டுக்குக் கேட் நின்று கத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987ல் 12வது பிரிவு, யாருக்கெல்லாம் அரசு செலவில் வழக்கறிஞர் என்று பட்டியல் போடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள். அந்தப் பட்டியலில் ‘தொழிற்சாலைத் தொழிலாளி’ என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது. கைதாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, தொழிலாளியாக இருந்தால் போதும். மேட்டுப்பாளையத்தில் இத்தனை கம்பெனிகள், இத்தனை ஷிப்டு. இந்த ஒரு வரியை எந்த நோட்டீஸ் போர்டிலும் நான் பார்த்ததில்லை.

கூப்பிட வேண்டிய எண் 15100. தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண், கட்டணம் கிடையாது. நேரில் போக, கடலூர் சாலையில் இருக்கும் நீதிமன்ற வளாகத்துக்குப் போய், சட்டப்பணிகள் ஆணையம் எங்கே என்று கேளுங்கள். விசாரணைக்குக் கூப்பிடும் கட்டத்திலும், கைதின்போதும், ரிமாண்டின்போதும் வழக்கறிஞர் உதவி தருவதற்கென்றே தேசிய ஆணையம் 2019ல் ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை பார்க்கும் பையன்களுக்கும் இதே உரிமைதான். அவர்களுக்கு இங்கே கதவைத் தட்ட அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. ரூமில் கூட இருக்கிற நீங்கள்தான் அவர்களுக்காக 15100ஐ அழுத்த வேண்டும்.

இன்னொரு ஆளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நிற்பார். “எல்லாம் நம்ம ஆளுங்கதான், எஃப்.ஐ.ஆர். போடாம பேசி முடிச்சுடலாம்” என்பார். பணத்தை வாங்கிக்கொள்வார். அந்தப் பேச்சில் ஆறு மணி நேரம் போய்விடும், வழக்கறிஞரைத் தேட வேண்டிய ஆறு மணி நேரம். கழுத்துத் தாலியை அடகு வைத்து அவரிடம் கொடுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போன பிறகு என்ன? அரசியல் சாசனம் 22வது பிரிவு, கைதானவர் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்கிறது. புதுச் சட்டத்தின் 38வது பிரிவு, விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அவர் கூட இருக்க முடியாது என்கிறது. இது பெரிய குறை என்பது என் கருத்து. நம் போலீசார் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த பிரான்சில் 2011 ஏப்ரலிலேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். காவலில் வைத்துக் கேள்வி கேட்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்காரலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர் சொல்தா குடும்பத்துப் பிள்ளைக்குப் பாரிசில் கிடைப்பது மேட்டுப்பாளையத்தில் அவன் அத்தை மகனுக்குக் கிடைப்பதில்லை. இருந்தாலும் கிடைப்பதை விடாதீர்கள். “என் வக்கீலைப் பார்க்கணும் சார்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெயர், முகவரி சொல்லுங்கள். குற்றத்தைப் பற்றிக் கேட்டால், “வக்கீலைப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20வது பிரிவு. கதை கட்டிச் சொல்லாதீர்கள். பயத்தில் சொன்ன ஒரு சின்னப் பொய் பின்னால் உண்மையையும் சாப்பிட்டுவிடும்.

கைது செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரிகிற மொழியில். எந்தக் குற்றமானாலும் இதுதான் விதி என்று 2025 நவம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நேரத்தில் எழுதித் தர முடியாவிட்டால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது கையில் கொடுத்திருக்க வேண்டும். ஒடியா மட்டும் தெரிந்த பையனிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளை நீட்டினால் போதாது. வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்வதும் போலீசின் கடமை.

வீட்டில் இருப்பவர்களே, “காலைல அனுப்பிடுவோம்” என்ற வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்குத்தான் கூட்டிப்போனார்கள். ஜூன் 28 அன்று அவர் உயிரோடு இல்லை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவர் தாய்க்கு மகன் திரும்பக் கிடைக்கவில்லை. எல்லா ஸ்டேஷனிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல அதிகாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு உங்கள் பிள்ளை யார் கையில் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், எந்த வண்டி, யார் வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்டேஷன்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் குறித்த நேரம் இருந்தால்தான் வழக்கறிஞர் அந்தப் பதிவைக் கேட்க முடியும்.

அடுத்தது மாஜிஸ்திரேட். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத்தான் நம் ஆட்கள் வீணாக்குகிறார்கள். எப்படி இருக்கும் தெரியுமா? வரிசையில் நாலைந்து பேர் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். பக்கத்தில் அழைத்து வந்த போலீஸ்காரர் நிற்பார். அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வோம். அதற்குள் பேப்பரில் கையெழுத்தாகி அடுத்த பெயர் போய்விடும். எங்கள் தெருப் பையனும் அப்படித்தான் நின்றான். “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டது கூட அவன் காதில் ஏறவில்லையாம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்ததாகப் பிடிக்கப்பட்ட ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்சையும் ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். மாஜிஸ்திரேட் அவர்களைச் சரியாகப் பார்க்காமலே ரிமாண்ட் செய்தார் என்ற குற்றச்சாட்டு அப்போது நாடெங்கும் எழுந்தது. ஆகவே நிமிர்ந்து நின்று பேசுங்கள். “ஐயா, எனக்கு வக்கீல் இல்லை, இலவச வக்கீல் வேண்டும். நேற்று சாயந்திரம் ஐந்து மணிக்கே பிடித்தார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அடித்தார்கள், இங்கே வலிக்கிறது.” உங்களுக்கு நடந்தது எதுவோ அதை மட்டும், சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தால் தூக்கிக் காட்டிச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். இலவச வழக்கறிஞர் உண்டு என்று முதல்முறை நிறுத்தும்போதே சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று, மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப்பின் மேல்முறையீட்டை 2012ல் தள்ளுபடி செய்த அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அழுத்தி எழுதியது. கசாப்புக்கே உண்டு என்றால் இரண்டு சுருள் ஒயருக்குப் பிடிபட்டவனுக்கு இல்லாமல் போகுமா?

ஊரே கொதிக்கும் வழக்குகளில் ‘எங்கள் சங்கத்தில் யாரும் ஆஜராக மாட்டோம்’ என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவதுண்டு. கோயம்புத்தூர் சங்கம் அப்படிப் போட்ட தீர்மானம் பற்றிய வழக்கில், இத்தகைய தீர்மானங்கள் செல்லாது, தொழில் அறத்துக்கும் அரசியல் சாசனத்துக்கும் விரோதம் என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போதும் சட்டப்பணிகள் ஆணையத்தைக் கேட்டால் ஆள் தந்தாக வேண்டும்.

டிரைவர் அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், கவனக்குறைவால் மரணம் என்று புதுத் தண்டனைச் சட்டத்தின் 106வது பிரிவின் முதல் உட்பிரிவில் வழக்குப் போடுவார்கள். தண்டனை ஐந்து வருஷம் வரை என்று கூட்டியிருக்கிறார்கள், ஆனால் அது இன்னமும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கலாம், அது உங்கள் உரிமை. இது தெரியாமல் வண்டியை விட்டு ஓடி, பிறகு வேறு பிரிவுகளில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பாருங்கள், 112க்குச் சொல்லுங்கள், முதலாளியைக் கூப்பிடும் முன்பே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். முதலாளியின் வழக்கறிஞர் முதலாளிக்காகத்தான் பேசுவார்.

உள்ளே இருப்பவர் வீட்டில் நாள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். போலீஸ் 60 நாளுக்குள், கொலை போன்ற பெரிய வழக்கில் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் மனுப் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் காலையில் வழக்கறிஞர் மனுவோடு நிற்க வேண்டும். சாயந்திரம் வரை விட்டால் அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து விழுந்துவிடலாம்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டிய வேலை ஒன்று. செல்லை ஓரமாக வைத்துவிட்டு வீட்டில் ஒருவர் நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். எங்கள் தெருப் பையன் வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா சம்பளம் போகிறது. இப்போது அவன் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் அவன் அம்மா பச்சை மார்க்கரில் இரண்டு எண் எழுதிவைத்திருக்கிறார். ஒன்று அவருடையது. இன்னொன்று 15100. தினமும் கழுவக் கழுவ அழிகிறது. தினமும் திரும்ப எழுதுகிறார்.